ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம்: சொந்தமாகக் கட்டிய வண்டியில் சிந்தாமணி வரை

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை 5.50க்கு, நாங்களே கட்டிய வண்டியில் விவேக் நகரிலிருந்து கிளம்பினோம். நாங்கள் என்றால் நானும் என் மனைவி பிலோமினாவும். ஏன் அந்த வண்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி கஷ்டத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும்.

பிலோமினா பதினோரு வருடம் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். இரண்டு வருடத்துக்கு முன் முதுகுத்தண்டில் ஒரு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அரை மணி நேரமாவது தட்டையாகப் படுத்தாக வேண்டும். இடது கால் அவ்வப்போது மரத்துப்போகும். ஒரு வருடத்துக்கு முன்பே டாக்டர், "கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டார். அவள் சாவியைத் தொடவில்லை. "கிளட்ச்சை மிதிச்ச கால் அங்கயே நின்னுட்டா என்ன பண்றது?" என்பாள்.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. படுக்கையோடு ஒரு வண்டி. ஓடும்போது முன் இருக்கை, நின்றதும் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி ஹாரனுக்கு நடுவே படுத்து முதுகை ஆற்ற முடியாது. சாலையை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டும். அதனால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். பழைய பிக்கப் ஒன்று 2,85,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

தொம்மலூரில் பழைய ஊர்ப்பகுதிச் சந்து ஒன்றில் இஸ்மாயில் பாயின் வெல்டிங் கொட்டகை இருக்கிறது. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிப்பவன். வெல்டிங் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போனேன். சதுரக் குழாயில் சட்டம், மேலே அலுமினியத் தகடு, உள்ளே தெர்மாகோல், அதன் மேல் பிளைவுட். கூரையில் இரண்டடிக்கு இரண்டடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பலகை. படுக்கை ஆறடி இரண்டங்குல நீளம், இரண்டே முக்கால் அடி அகலம். பலகைகளை மூன்று முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இஸ்மாயில் பாய் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வண்டியா ஆஸ்பத்திரியா? அக்காவ ஒரு தபா கூட்டியாந்து காட்டுங்களேன்" என்றார். முடித்துவிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். கூட்டிப் போகவில்லை.

கட்டுமானச் செலவு 1,40,000 ரூபாய்.

முதல் சோதனைக்குச் சிந்தாமணிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒசகோட்டையைத் தாண்டியதும் பனி இறங்கியிருந்தது. 6.45க்கு, 31வது கிலோமீட்டரில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் இறங்கி நிறுத்தினேன். எஞ்சினை அணைத்ததும் வந்த அமைதியில் இலைகளிலிருந்து கூரைத் தகட்டின் மேல் பனித்துளி சொட்டுவது கேட்டது. பிலோ பின்னால் போய்ப் படுத்தாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினேன். கூரைப் பலகைக்கு மேலே பனி நகர்ந்துகொண்டே இருந்ததால் நின்றிருந்த வண்டி மெதுவாக மிதந்து போவது போலத் தோன்றியது.

"நாம போயிட்டு இருக்கோமா, நின்னுட்டு இருக்கோமா?" என்றாள்.

"நின்னுட்டுதான் இருக்கோம்."

"நல்லாருக்கு" என்று கண்ணை மூடினாள். நாற்பத்தைந்து நிமிடம் அங்கேயே இருந்தோம்.

7.30க்குக் கிளம்பி, எச். கிராஸ் தாண்டி 56வது கிலோமீட்டரில் அடுத்த நிறுத்தம். மல்பெரித் தோட்ட ஓரம். பனி விலகி, கூரைப் பலகை முழுக்க நீலம். ஒரே ஒரு பருந்து அந்தச் சதுரத்துக்குள் வருவதும் வெளியே போவதுமாக இருந்தது. இவ்வளவு மெதுவாக நான் எங்கேயும் போனதில்லை. வழக்கமாக ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் முடியும் தூரத்துக்கு எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. எங்கேயும் போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

சிந்தாமணியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை, பிறகு நான்கு கிலோமீட்டர் மண்பாதை. மொத்தம் 88 கிலோமீட்டர். பத்து மணிக்கு ஒரு ஏரிக்கரையில் இருந்தோம். யானைகள் படுத்திருப்பது போல உருண்டைப் பாறைகள், நடுவே பாதி வற்றிய ஏரி. செம்மறி ஆடுகள் மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையை ஆட்டி, "முந்தே ஹோக்பேடி சார், கெசரு இதே!" என்று கன்னடத்தில் கத்தினார். முன்னால் போகாதே, சேறு இருக்கிறது என்கிறார். மேலே காய்ந்து வெடித்திருந்த மண்ணைப் பார்த்து, இதற்குத்தானே நான்கு சக்கர இழுவை என்று நினைத்து, லீவரைத் தள்ளிவிட்டு ஏரிக்குள் இறங்கினேன்.

நாற்பது அடி போயிருப்போம். மேலோடு உடைந்து வண்டி பின்பக்கமாக உட்கார்ந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது.

"மிதிக்காதீங்க. நிறுத்துங்க" என்றாள் பிலோ, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தபடி. "முன் சக்கரம் சும்மா நிக்குது. பின்னாடி மட்டும்தான் சுத்துது. ஹப்ப பூட்டினீங்களா?"

பூட்டவில்லை. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் லீவரைத் தள்ளினால் மட்டும் போதாது; முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் திருகுகளைக் கையால் திருப்ப வேண்டும். பத்து மாதம் படுக்கையையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது மறந்துபோயிருந்தது. முழங்கால் சேற்றில் இறங்கி இரண்டையும் திருப்பினேன். அதற்குள் பின் சக்கரங்கள் பாதிக்கு மேல் புதைந்திருந்தன. அடியில் ஏதாவது கொடுத்தால்தான் ஏறும்.

ஆட்டுக்காரர் வந்து சேர்ந்தார். முனியப்பா என்று பெயர் சொன்னார். "பலகை ஏதாவது இருக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

இருந்தது. நான் பின்னால் இருந்த படுக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பலகைகள் போனால் அவள் எதில் படுத்து 88 கிலோமீட்டர் திரும்புவாள்?

"எடுங்க" என்றாள் பிலோ.

"உனக்குப் படுக்க..."

"அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல எடுங்க."

மெத்தையைச் சுருட்டிவிட்டுப் படுக்கைப் பலகைகளைக் கழற்றினேன். நானும் முனியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் சக்கரத்துக்கு அடியில் செருகிப் பிடித்துக்கொண்டோம். சக்கரம் கவ்வும்வரை பிடித்திருந்து, கவ்வியதும் விலக வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஸ்டியரிங்கில் ஆள் இல்லை.

முனியப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் பிலோவைப் பார்த்தேன். அவள் எங்கேயோ தூரத்துப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருக்கையிலிருந்தபடியே மெல்ல ஓட்டுநர் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"சீட்டு ரொம்பப் பின்னாடி இருக்கு. கால் எட்டல. அந்தத் தலகாணிய எடுங்க."

கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் வைத்து, கிளட்ச்சை மூன்று முறை மிதித்து விட்டுப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஜெபமோ, இடது காலிடம் ஏதாவது பேசினாளோ, இன்றுவரை நான் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் கைய ஜாக்கிரதையா வச்சுக்கங்க. நான் சொன்னதும் வெலகிடணும்." அதையே கன்னடத்தில் முனியப்பாவுக்கும் சொன்னாள். புதிதாகக் கற்க வரும் பெண்களிடம் பேசும் அந்தக் குரலை இரண்டு வருடமாக நான் கேட்கவில்லை.

இழுவை கூடுதலான லோ ரேஞ்ச், முதல் கியர். ஆக்சிலேட்டரை அவள் தொடவே இல்லை. கிளட்ச்சை மட்டும் நூல் நூலாக விட்டாள். வண்டி நடுங்கியது. முன் சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. பலகை ஒன்று கிறீச்சிட்டது. "வெலகுங்க!" நாங்கள் பின்னால் விழுந்தோம். வண்டி தூக்கத்திலிருந்து எழுந்திருப்பது போல மெதுவாக எழுந்து, சேற்றைத் தாண்டி, கெட்டித் தரைக்கு ஏறியது.

அங்கே நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. காய்ந்த கரையை ஒட்டியே போனாள். வண்டி பாறைகளுக்குப் பின்னால் மறைந்தது, இன்னொரு பக்கம் சின்னதாக வெளியே வந்தது, மறுபடியும் மறைந்தது. தண்ணீரில் தலைகீழாக இன்னொரு வண்டி கூடவே போனது. நானும் முனியப்பாவும் இடுப்பு வரை சேறோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லிகே ஹோக்தாரே?" என்றார் அவர். எங்கே போகிறார் என்று கேட்கிறார்.

"தெரியல" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

பன்னிரண்டு நிமிடம் கழித்து, ஏரியை முழுதாகச் சுற்றி வந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முகம் நனைந்திருந்தது. "கால் மரத்துதான் போச்சு. ஆனா மிதிச்ச கால் திரும்பி வந்துச்சுங்க" என்றாள்.

ஒரு பலகை பிளந்துவிட்டது. அதனால் மெத்தையை வெயிலில் சூடேறிய தட்டைப் பாறை ஒன்றின் மேல் விரித்தோம். பிலோ மல்லாந்து படுத்தாள், நான் பக்கத்தில். காற்று, ஆட்டு மணிச் சத்தம், மேகம். எப்போது தூங்கினோம் என்று தெரியாது. விழித்தபோது மணி 2.10. முனியப்பா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிலோ எனக்கு முன்பே விழித்து, மோரில் பாதியைக் குடித்துவிட்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்பாதை நான்கு கிலோமீட்டரை அவளே ஓட்டினாள். தார்ச்சாலையில் நான். மூன்று நிறுத்தங்கள்; வண்டித் தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள். 6.40க்கு வீடு. அடுத்த இரண்டு நாள் முதுகுவலி இருந்தது, மறைப்பதற்கில்லை. மூன்றாம் நாள் எழுந்து நடந்தாள்.

கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். போக வர, ஏரியைச் சுற்றியதையும் சேர்த்து 178 கிலோமீட்டர், இருபது லிட்டர் டீசல். வண்டியில் மாற்றம் செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எதற்கு அனுமதி உண்டு என்று கேட்டுவிடுங்கள். ஓடும் வண்டியில் பின்னால் யாரையும் படுக்க வைக்காதீர்கள். ஹப் திருகுகளைத் தார்ச்சாலையை விட்டு இறங்கும் முன்பே பூட்டுங்கள். சேற்றுக்கென்று தனியாக இரண்டு பலகை வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர் போகாதே என்றால் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. யாருக்காகக் கட்டுகிறீர்களோ அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். நான் பத்து மாதம் படுக்கையை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். அதற்கு அடுத்த வார ஞாயிறு பிலோவும் தொம்மலூருக்கு வந்தாள். இஸ்மாயில் பாய் அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து அளவெடுத்து, அதை மூன்றங்குலம் முன்னால் தள்ளிப் புதிதாகத் துளை போட்டு போல்ட் முடுக்கினார். இப்போது அதில் உட்கார்ந்தால் எனக்கு முழங்கால் இடிக்கிறது. பரவாயில்லை, மண்பாதை வந்ததும் நான் இறங்கி இடப்பக்கம் போய்விடுகிறேன்.