வாய்விட்டுச் சொல்லாத பேர்

பச்சை குத்தும் வள்ளித்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேள், மயில், தொட்டில் கோலம் எல்லாம் அவளுடைய குறவர் சனம் தலைமுறையாகக் குத்தி வந்தவை. அதை அவள் கண்ணை மூடிக்கொண்டு குத்துவாள். எழுத்துதான் புதுசு. பட்டாளத்துக்குப் போனவர்களின் பெண்டாட்டிகள் புருசன் பேரைக் குத்தச் சொல்லிக் கேட்கத் தொடங்கிய பிறகு, தென்காசிக் கடைத்தெருவில் ஒருவரிடம் பத்துப் பேர்களை எழுதி வாங்கினாள். இந்தப் படம் இசக்கி, இந்தப் படம் மாடன் என்று மனசில் பதித்துக்கொண்டாள்.

சண்டை முடிந்த வருஷம், சாரல் காலம். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரான இலஞ்சியிலிருந்து முப்பிடாதி மூச்சு வாங்க வந்து நின்றாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது.

“ஏட்டி, என் குடியக் கெடுத்துட்டியே!”

“என்ன தாயி?”

“தபால்காரரு பிச்சையா கடுதாசி வாசிக்க வந்தாரு. என் கையப் பாத்துட்டு, ‘மாடன்னு குத்தியிருக்கு, அது யாரும்மா’ன்னு கேக்காரு. அவிய பட்டாளத்துலருந்து நாளைக்கு ரயிலுக்கு வாராவ.”

இரண்டு மாதத்துக்கு முன்னால் குத்தியது அது. புருசன் பேரை முப்பிடாதி எப்படிச் சொல்வாள்? “எங்க சுடுகாட்டுச் சாமி பேருதான்” என்றாள். வள்ளித்தாயின் ஆட்கள் அந்தச் சாமியை மாடன் என்றே கும்பிடுவார்கள்; அதையே குத்திவிட்டாள். முப்பிடாதி வீட்டாருக்கு அது சுடலை. அவள் புருசன் சுடலைக்கண்ணு. மாடன் என்பவனோ, அவளைப் பெண் கேட்டு வந்து, கிடைக்காமல் திரும்பிப் போனவன். அடுத்த தெருவில்தான் இருந்தான்.

குறவர்களின் கைரேகையைப் பதிந்துவைக்கும் ரேகைச் சட்டத்தில் வள்ளித்தாயின் புருசன் பேரும் பதிந்திருந்தது. அவன் ஸ்டேஷனில் கேட்காமல் ஊரை விட்டு நகரக் கூடாது. இலஞ்சிக்காரர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், புருசன் பெண்டாட்டி இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஓடவும் வழியில்லை.

“அழிச்சிரு” என்றாள் முப்பிடாதி.

“அழியாது தாயி. மூடத்தான் முடியும்.”

விளக்குக் கரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைத்தாள். எழுத்தை மூட அகலமான உடம்பு வேண்டும். தேள்தான் சரி. வழியில் ஒரு போலீஸ்காரர் நடந்து போனார். அவர் தாண்டிப் போகும்வரை வள்ளித்தாய் ஊசியை மடியில் மறைத்துக்கொண்டாள். வழக்கமாக வலி தெரியாமலிருக்கப் பாடுவாள். அன்றைக்கு அதை விட்டுவிட்டு அவசரமாகக் குத்தினாள். முப்பிடாதி முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வள்ளித்தாய்க்கு வீட்டில் இருக்க முடியவில்லை. பாசிமணியும் ஊசியும் வைத்த கூடையைத் தூக்கிக்கொண்டு இலஞ்சிக்குப் போனாள். முப்பிடாதி வீட்டு வாசலில் காக்கிச் சட்டையோடு நின்ற சுடலைக்கண்ணு அவளைப் பார்த்துவிட்டான்.

“ஏய், இங்கன வா. இவ கையில குத்துனது நீதானா?”

“ஆமா சாமி.” தலையை ஆட்டினாள்.

“எம் பேரக் குத்திக்கன்னு கடுதாசி போட்டேன். தேளக் குத்திட்டு நிக்கா! இதுக்குக் கீழ எம் பேரக் குத்து. நானே எழுதித் தாரேன்.”

கரித்துண்டால் முப்பிடாதியின் கையில் எழுதினான். பட்டாளத்தில் படித்த எழுத்து. பிறகு பெண்டாட்டி பக்கத்திலேயே குந்திக்கொண்டு, ஊசி இறங்குவதைக் குனிந்து பார்த்தான். அவன் முகத்துக்கும் தேளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

மூன்றாவது எழுத்தில் அவன் நிறுத்தச் சொன்னான்.

“இரு. தேள் முதுகுல இது என்ன? சுழிச்சுச் சுழிச்சு, எழுத்து மாதிரி தெரியுது.”

முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டாள்.

“குஞ்சு, சாமி” என்றாள் வள்ளித்தாய். அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. “தாய்த்தேளு. குஞ்சுகள முதுகுலதான சுமக்கும்.”

அவன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான்.

“கேட்டியா? நான் வாரதுக்கு முன்னாலயே புள்ளைக்குக் குறி பாத்துட்டாளே!”

முப்பிடாதியும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. வள்ளித்தாய் தலை நிமிரவில்லை. மீதி எழுத்துகளையும் கரிக்கோட்டின் மேலேயே, ஒரு மயிரிழை விலகாமல் குத்தினாள். மஞ்சளைப் பூசினாள். அவன் கூலிக்கு அரிசி எடுத்துவர உள்ளே போனதும், அதை வாங்கிக்கொள்ள நிற்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.