அன்னவாசலில் மூன்றாவது செல்வம்

காலை 7.10, ஆலங்குடி. நடத்துநர் பேருந்தின் தகரத்தை இரண்டு முறை தட்டினார். பாட்டுக்கு முன்னால் எங்கள் குழுவின் ட்ரம்ஸ் செல்வம் குச்சியோடு குச்சி தட்டுவது இப்படித்தான் கேட்கும். கேட்டதும் நான் மைக்கை வாயருகே கொண்டுபோவேன். குழுவிலிருந்து விலகிப் பல வருடமாகியும் கை தானாக உயர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

புதுக்கோட்டைக்கு இருபது கிலோமீட்டர். தென்னை, முந்திரி, கடலைக் கொல்லை, மறுபடி தென்னை. கீரமங்கலத்தில் டிராக்டர் டிரெய்லரை மேடையாக்கித் தொடங்கியவர்கள் ஐந்து பேர். கீபோர்டும் தலைமையும் தங்கராசு அண்ணன், ட்ரம்ஸ் செல்வம், பாட இரண்டு பேர், அறிவிக்க நான். பூஞ்சாரல் மெல்லிசைக் குழு. மூன்றே வருடத்தில் மாசி முதல் ஆடி வரை ஒரு தேதி காலியில்லை. செல்வத்தின் பெயரைச் சொன்னால் பெண்கள் பக்கமிருந்தும் விசில் வரும்.

பிறகு சிங்கப்பூரில் கூப்பிட்டார்கள். நாலு பேருக்குத்தான் டிக்கெட். தாளத்துக்கு மெஷின் போதும் என்றார் அண்ணன். செல்வத்தை விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்ததும் அவன் இடத்தில் வேறொரு ஆளை உட்காரவைத்தார் அண்ணன். கூட்டம் பழைய பெயரையே கேட்டது. "ட்ரம்ஸில் அன்னவாசல் செல்வம்" என்று அறிவித்தேன். ஆம், நான்தான். இருட்டில் யாருக்கு முகம் தெரியும்? அடுத்து வந்தவனுக்கும் அதே பெயர். பாடகர்கள் மாறினார்கள், நானும் விலகினேன். அந்தப் பெயர் மட்டும் சுவரொட்டியைவிட்டு இறங்கவில்லை.

7.55, புதுக்கோட்டை. இட்லி, டீ, முப்பத்தைந்து ரூபாய். அன்னவாசல் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர், சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கவா என்று கேட்டார். ஆளைப் பார்க்க என்றேன்.

நாளை மாலை அன்னவாசலில் பூஞ்சாரல் கச்சேரி. செல்வத்தின் சொந்த ஊரில் வேறு முகத்தைக் காட்ட முடியாது. ஒரு நாளைக்கு மட்டும் அசல் ஆள் வேண்டும். அழைத்துவர அண்ணன் என்னைக் கேட்டார். மறுத்திருக்கலாம். மைக் உனக்குத்தான் என்றார், பேருந்து ஏறிவிட்டேன்.

9.10. செல்வம் வண்டியிலிருந்து தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு தோள் சரிந்திருந்தது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் வாசிக்க வாய்ப்புக் கேட்டானாம். செல்வத்தை நேற்றுத்தான் மேடையில் பார்த்தோம், பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறாயா என்று விரட்டினார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"இப்ப இருக்குறது எத்தனாவது செல்வம்ணே?"

"மூணாவது."

வந்த விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். என்ன செட், குச்சி கொண்டுவரவா, முதல் பாட்டு எது என்று அடுக்கிக்கொண்டே போனான். மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. சத்தமெல்லாம் பென்டிரைவில் வரும், ட்ரம்ஸுக்கு மைக் கிடையாது, உட்கார்ந்து கையை அசைத்தால் போதும்.

அவன் மிச்சமிருந்த ஏழு கேன்களையும் இறக்கி முடித்தான்.

10.20. பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தான். நான் படியில் கால் வைத்ததும் சொன்னான்:

"அந்த ஆளையே ஒக்கார வைங்கண்ணே, அவனும் பொழைக்கணும்ல. நான் மேடைக்கு முன்னாடி கூட்டத்துல வந்து நிக்கிறேன். நீங்க எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எம் பேரச் சொல்லுங்க."