டச்சுச் சுவருக்குச் சுத்திப் போட்ட ருக்கு

பழவேற்காட்டு ஏரியில் தனக்குத் தெரியாமல் ஒரு இறால்கூடத் துள்ளாது என்று ருக்கு சொல்லிக்கொள்வாள். கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடிக்கிறவள். வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கும், அதனால் அதற்கு ஓய்வே கிடையாது.

அவள் கருவாடு போட்டுவைத்த இடம் டச்சுக்காரன் காலத்துக் கிடங்கு. கூரை போய், ஆடு படுத்துக்கிடந்த கட்டடம். அதை இடிக்காமல் சரிபண்ணச் சென்னையிலிருந்து லோகநாதன் என்கிற இன்ஜினியர் வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? டிரோனைப் பறக்கவிட்டு அளந்தான், சுண்ணாம்பு அரைத்துப் பூசினான், வெயிலில் ஓடும் விசிறி மாட்டினான். சுவரைத் தொடாத அடுக்குப் பலகையும் போட்டு, "அக்கா, இனிமே கருவாடு இதுலதான். பூட்டி வெச்சா கட்டடம் செத்துடும், புழங்கினாத்தான் நிக்கும்" என்றான். ருக்குவுக்குத் தலைகால் புரியவில்லை.

சுவருக்குள் ஒரு கருவியையும் பதித்திருந்தான். உப்பு ஏறாதவரை பச்சை விளக்கு, ஏறினால் சிவப்பு.

"சிவப்பு நிலைச்சுதுன்னா மேலிடத்துல பூட்டிடுவாங்க அக்கா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள அடுப்பு கிடுப்பு பத்த வெக்காதீங்க."

கொஞ்ச நாள் பச்சையாகவே எரிந்தது. அப்புறம் லைட்ஹவுஸ் குப்பத்து செசிலியா வந்தாள். அவளும் கருவாட்டுக்காரிதான், ஆனால் மணலில் காயப்போடுகிறவள். மேலும் கீழும் பார்த்து, "இன்னா ருக்கு, அரண்மனையில குந்திக்கினு கீற" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். போதாதா? கிடங்குக்குக் கண்ணு பட்டுவிட்டது என்று ருக்கு முடிவுகட்டினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கை நிறையக் கல்லுப்பும் மிளகாயும் எடுத்து, சுவருக்கு நேரே நின்று மூன்று சுற்று சுற்றித் தூ தூ என்று துப்பினாள். நெருப்பில் போடலாமென்றால் அடுப்பு கூடாது. கரைத்துக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். சுவரோரத்தைவிடக் கால் படாத இடம் எது? அங்கேயே ஊற்றினாள். கருவாட்டு உப்பு வேறு, கண்ணேறு உப்பு வேறு என்பது அவள் கணக்கு.

அடுத்த வாரமே சிவப்பு.

"பாத்தியா, பாவி கண்ணு சும்மா வுடல" என்று ருக்கு உப்பை இரட்டிப்பாக்கினாள். அப்பவும் சிவப்பு. செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள். சென்னையில் தன் போனிலேயே சிவப்பைப் பார்த்த லோகநாதன், ஏரியே சுவரேறி வருகிறது என்று பயந்து ஓடிவந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, நாளைக்குப் பூட்டப்போறாங்க."

ருக்கு அழுதே விட்டாள். "வாரம் தவறாம சுத்திப் போட்டேனே தம்பி, அப்பவும் இப்டி ஆயிடுச்சே."

"என்னத்த போட்டீங்க?"

"உப்புதான்."

லோகநாதன் குனிந்து சுவரோரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று ருக்குவுக்குத் தெரியவில்லை.

மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கினான். சுளுக்குக்குப் பத்துப் போடுகிற மாதிரி சுவருக்குக் காகிதக் கூழைப் பூசி, காயவைத்து, உப்பை உறிஞ்சி எடுத்தான். பச்சை வந்தது. கருவாடும் தப்பியது. இனிமேல் சுவர்ப் பக்கம் உப்பே கொண்டுபோவதில்லை என்று ருக்கு ஏரி மேல் சத்தியம் பண்ணினாள்.

அதற்கப்புறம் பச்சை, பச்சை, எந்நேரமும் பச்சை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடங்கு வாசலில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த ருக்கு அந்த விளக்கையே பார்த்தாள். ஒரு பிசகும் இல்லாமல் எரிகிறதே, எத்தனை பேர் வயிறெரிகிறார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது.

போன் அடித்தது. லோகநாதன்.

"அக்கா, இன்னிக்கி வெள்ளிக்கிழமை. கை எங்க இருக்குது?"

"மடியிலதான் தம்பி" என்றாள் ருக்கு, உப்புப் பானையிலிருந்து கையை மெல்ல எடுத்தபடி.