தலைக்குக் குளித்தால் மறையும் கட்டி

முதலில் அதைக் கண்டுபிடித்தது என் பாவாடை நாடாதான். மகள் கவிதாவுக்கு இரண்டு வயது முடிந்திருந்த சமயம். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நாடாவை இழுத்து முடிந்தேன். அடிவயிற்றில் சுருக்கென்று குத்தியது. அவிழ்த்துப் பார்த்தால், அவளைப் பெற்றெடுத்த சிசேரியன் தழும்பின் ஓரத்தில் மல்லாட்டைக் கொட்டை (வேர்க்கடலைப் பருப்பு) அளவில் ஏதோ ஒன்று விரலுக்கடியில் நழுவியது.

முடிச்சை இடப்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். உடம்பு ஒன்று சொன்னால் காதில் வாங்காமல் வேலையைப் பார்க்கத்தானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் அப்படியே செய்தேன்.

அப்போது திண்டிவனத்தில் குடியிருந்தோம். கணவர் ஏழுமலைக்கு எண்ணெய் மில்லில் வேலை. சத்துணவுத் திட்டம் வந்த புதிதில், பெருமுக்கல் போகும் சாலையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு அமைப்பாளர் வேலை கிடைத்திருந்தது. அரிசி பருப்பை அளந்து கொடுத்துச் சமையலை மேற்பார்க்கும் வேலை. பிள்ளைகள் என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் மாமியார் இருந்தார். அவரை நான் அத்தை என்றே கூப்பிடுவேன். பேச்சு கறார், கை சுத்தம், மாதவிலக்கு விஷயத்தில் மட்டும் மலையே புரண்டாலும் மாற மாட்டார்.

கொட்டை அளவில் இருந்தது மாதத்துக்கு ஒருமுறை நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. தூரமாவதற்கு (மாதவிலக்கு வருவதற்கு) இரண்டு மூன்று நாள் முன்பே வலி தொடங்கிவிடும். தழும்புக்குள் யாரோ நெருப்புத் துண்டை வைத்துத் தைத்துவிட்டது போல எரியும். இரத்தப்போக்கு வந்ததும் உச்சத்துக்குப் போய், நிற்கும்போது மெல்ல இறங்கும். எனக்குக் காலண்டரே தேவைப்படவில்லை. தழும்பு முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லிவிடும்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ஆனால் எப்போது போனேன் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பின்பக்கத் தாழ்வாரத்தில் தனிப் பாய், தனித் தட்டு. வேலைக்குப் போகலாம், அங்கே யாரையும் தொட வேண்டியதில்லை. அரசாங்கச் சோற்றுக்குத் தீட்டு கிடையாது என்று அத்தை தன் வசதிக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். டாக்டர் விஷயம் அப்படி இல்லை. அவர் தொட்டுப் பார்ப்பார். அதனால் மூன்று நாளும் முடிந்து தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் போவேன். பழியை அத்தையின் தலையில் மட்டும் போட மாட்டேன். அந்த நாட்களில் இன்னொருவர் முன்னால் புடவையைத் தளர்த்துவதை நினைத்தாலே எனக்கும் உடம்பு கூசியது.

திண்டிவனம் டாக்டர் தழும்பைத் தடவிப் பார்த்து, தையல் புண் (தைத்த நூல் உள்ளே தங்கிச் சீழ் வைப்பது) என்றார். மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். நான்கே நாளில் வீக்கம் வடிந்தது. மருந்து நன்றாகக் கேட்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் மறுபடி வீங்கியது, குளித்துவிட்டுப் போனேன், மாத்திரை தந்தார், வடிந்தது. தானாக வடிகிற வீக்கத்துக்கு இப்படி இரண்டு வருடம் மருந்து தின்றேன். நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

பிறகு விழுப்புரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் ஏழுமலை அழைத்துப் போனார். குடலிறக்கமாக (வயிற்றுச் சுவர் பலவீனமாகி உள்ளிருப்பது வெளியே தள்ளுவது) இருக்கலாம் என்று படுக்க வைத்து இருமச் சொன்னார். இருமினேன். நிற்க வைத்து இருமச் சொன்னார். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு நான் தலைக்குக் குளித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கை கழுவிக்கொண்டே என்னிடம் பேசாமல் கணவரிடம் பேசினார்.

"கட்டி கிட்டி ஒண்ணும் இல்லப்பா. கொஞ்சம் பயந்த சுபாவம் போல இருக்கு. நல்லாத் தூங்கினா சரியாயிடும்."

தூக்க மாத்திரையோடு ஊர் திரும்பினோம். ஏழுமலை நல்ல மனிதர். ஒரு சொல் கூடக் கடிந்து பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் வலி என்று சொன்னால் உடனே திரும்பிப் பார்க்க மாட்டார். செய்துகொண்டிருக்கும் வேலையைக் கொஞ்சம் நீட்டிவிட்டுத்தான் திரும்புவார். அந்த இடைவெளியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தைக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. "தூரமாவறதுக்கு முன்னாடியே படுத்துக்கறா. கேட்டா வலியாம். டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. இன்னும் இன்னாத்துக்கு இந்த நாடகம்?" என்று கிணற்றடியில் சத்தமாகவே சொல்வார். பக்கத்து வீட்டுக்காரிகள் என்னைப் பார்த்துவிட்டுத் துணியைப் பிழிவார்கள். இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை என் மனசுதான் செய்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். வலி கொடுமைதான். அந்த வலி நிஜமா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது அதைவிடக் கொடுமை.

எங்கள் சத்துணவு மையத்துச் சமையலர் தனபாக்கியம்தான் விழுப்புரத்தில் ஒரு லேடி டாக்டரைப் பற்றிச் சொன்னாள். அவள் தங்கைக்கு அங்கேதான் பிரசவம் ஆனதாம். கடைசி முயற்சி என்று போனேன். வழக்கம் போலக் குளித்துவிட்டுத்தான்.

அந்த டாக்டரம்மா தழும்பைத் தொடுவதற்கு முன்னால் நிறையக் கேட்டார். எப்போது வலிக்கும், எப்போது குறையும், வலி முந்தியா போக்கு முந்தியா. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"வலிக்கிற நாள்ல ஏம்மா யாருகிட்டயும் போகல?"

"அப்ப தூரமா இருப்பேனே டாக்டர். எப்படி வர்றது?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"அடுத்த மாசம் தூரமான அன்னிக்கே வா. குளிச்சிட்டு வந்தா நான் பாக்க மாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன்."

வீட்டில் இதைச் சொன்னதும் அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். "தூரமா இருக்கறவள எந்த டாக்டரு தொடுவா?"

"அவங்களே தொடறேன்னு சொன்னாங்க அத்தை."

அந்த நாள் வந்தபோது மில்லில் மல்லாட்டை வரத்து மும்முரமாக இருந்தது. ஏழுமலைக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போது அத்தை எழுந்து புடவையை உதறிக் கட்டினார். "நானே இட்டுக்கினு போறேன். இருக்குதா இல்லியான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடட்டும்." துணைக்கு வந்தார் என்று சொல்ல முடியாது. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தார்.

பஸ்ஸில் அத்தை முன்னால் உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஒரு ஜன்னலோரத்தை எனக்குக் காட்டினார். கண்டக்டர் இரண்டு டிக்கெட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டு, "சேந்து வந்தவங்க ஏன் பெரிம்மா தனித்தனியா?" என்று கேட்டார். "அவளுக்குக் காத்து வோணுமாம்" என்றார் அத்தை, திரும்பாமலே. விக்கிரவாண்டி தாண்டும் வரை சாலை மோசம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைக் கையால் ஏந்திக்கொண்டேன். கவிதாவைச் சுமந்தபோது கூட இப்படி ஏந்தியதில்லை.

டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்துப் புடவையை விலக்கினார். தழும்பின் ஓரம் கருநீலமாகப் புடைத்திருந்தது. தோல் மெலிந்த ஒரு புள்ளியிலிருந்து கறுத்த இரத்தம் ஒரு பொட்டு கசிந்திருந்தது. அவர் விரல் பட்டதும் கத்திவிட்டேன். அவர் கதவைத் திறந்து அத்தையை உள்ளே கூப்பிட்டார்.

"பெரியம்மா, இப்படி வாங்க. கையக் கொண்டாங்க."

அத்தை வாசலிலேயே நின்றார். "நான் வேணாம்மா. அவ தூரம்."

"தெரியும். அதுக்குத்தான் இன்னிக்கு வரச் சொன்னேன். வந்து தொட்டுப் பாருங்க."

அத்தை என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்ததிலிருந்து இப்படிப்பட்ட நாளில் அவர் நிழல் கூட என்மேல் பட்டதில்லை. மெல்ல வந்து, இரண்டு விரலைக் கட்டியின் மேல் வைத்தார். உடனே எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"கல்லாட்டம் இருக்குது. கொதிக்குது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இத்த வச்சிக்கினா நீ கொடம் தூக்கின?" என்று கேட்டார். நான் அழுதேன். அது வலியால் இல்லை.

டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்பக்கம் இருக்க வேண்டிய சவ்வு வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வது). பெயர் எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. அவர் அத்தைக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "நாத்தங்கால்லேருந்து ஒரு நாத்து தவறி வரப்புல விழுந்தா, ஈரம் பட்டு அங்கயும் வேர் விடும் இல்ல? ஆபரேஷன் அப்ப உள்ள இருந்த சவ்வு கொஞ்சம் தையல்ல ஒட்டிக்கிச்சு. மாசாமாசம் உள்ள போக்கு வர்றப்ப இதுலயும் ரத்தம் ஊறும். வெளிய போக வழியில்லாம வீங்கும்." இது யாருடைய தவறும் இல்லை என்றும், எத்தனை கவனமாகச் செய்தாலும் சிலருக்கு வரும் என்றும் சொன்னார்.

திரும்பும்போது அத்தை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அவர் கை என் வயிற்றுக்குக் குறுக்கே வந்து நின்றது. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை அத்தைதான்.

ஆனால் ஏழுமலை மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், ஈரத் தலையோடு அவர் சொன்னது எனக்குத் தாழ்வாரம் வரை கேட்டது. "அவ பொய் சொல்லலடா. நான் தொட்டுப் பாத்தேன்." ஏழுமலை தாழ்வாரத்தின் படி வரைக்கும் வந்து நின்று என்னைப் பார்த்தார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, தெருவே பார்க்கக் குழாயடிக்குப் போனார்.

அடுத்த மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். கட்டியைச் சுற்றியிருந்த நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டினார்கள். விட்ட இடத்தில் மறுபடி வளருமாம். வெட்டியதைத் திசுப் பரிசோதனைக்கு (சதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது) புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை புற்றுநோயாக இருக்குமோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அத்தை கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுத்து, "ஒண்ணும் இருக்காது, குடி" என்பார். ஒன்றும் இல்லை என்றுதான் முடிவு வந்தது.

"இதோட போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "திரும்ப வரலாம். உள்ளயும் எங்கயாவது இருக்கலாம். வந்தா பாத்துக்கலாம், ஆனா வலிக்கிற அன்னிக்கே வரணும்." அவர் சொன்னபடியே பிற்பாடு வயிற்றுக்குள் வேறு விதமான வலி வந்தது. மாத்திரையோடு வாழப் பழகினேன், இப்போதும் அப்படித்தான். ஆனால் எந்த நாளில் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் துணைக்கு அத்தை வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவார், வீட்டுக்கு வந்து குளிப்பார்.

உங்களுக்கும் இப்படி ஒரு வலி இருந்தால், அது போன பிறகு போய் அதைப் பற்றிக் கதை சொல்லாதீர்கள். இருக்கும்போது போங்கள். கறையோடு போங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச காலம் என் கை தழும்பைவிட்டு நகரவே இல்லை. எப்போது எரியும் என்று காத்தே நாட்கள் கழிந்தன. பல வருடமாக என் மாதம் இரண்டே பகுதிகளாக இருந்தது, வலிக்கும் நாட்கள், வலிக்காகக் காத்திருக்கும் நாட்கள். மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்பதே மறந்துவிட்டது.

ஒரு நாள் மையத்தில் மூட்டை மேலிருந்து எழுந்து பருப்பு அளந்துகொண்டிருந்தேன். தனபாக்கியம் அருகில் வந்து காதோடு சொன்னாள். "டீச்சர், பொடவைய பின்னாடி பாருங்க."

பார்த்தேன். கறை. வளர்ந்த பெண் எவளுக்கும் கூசிப்போகும் அளவுக்குப் பெரிய கறை. தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் தோலாக இருந்தது. மூட்டை மேலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"இன்னா டீச்சர், வலிக்குதா?" என்று பதறினாள் தனபாக்கியம்.

"இல்ல தனபாக்கியம். வந்ததே தெரியல."

முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டு, மீதிப் பருப்பையும் அளந்து போட்டேன்.