மச்சாள் பார்த்த பலேர்மோ

மச்சாள் ரொறன்ரோவிலிருந்து வந்து, உல்லாசக் கப்பலில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். இத்தாலியில் நான் இருக்கும் பலேர்மோவுக்கு ஒரு பகல் மட்டும்தான். லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் இத்தாலியக் கிழவி சிஞ்ஞோராவிடம் கெஞ்சி லீவு எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். மச்சாள் என் முகத்தைப் பார்க்கமுன் போனைப் பார்த்தாள். பார்க்கவேண்டிய இடங்களெல்லாம் அதில் இருந்தன.

நீரூற்றைச் சுற்றி நிற்கும் நிர்வாணச் சிலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படமெடுத்தாள். எந்தக் காலத்துச் சிலைகள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. வுச்சீரியாச் சந்தையில், "சந்தை எண்டு சொன்னாய், மரக்கறிக் கடை ஒண்டையும் காணேல்லை?" என்றாள். உன்னைப் போல வருகிற ஆட்களுக்கு மீன் பொரித்துக் கொடுக்கத்தான் அந்தக் கடைகள் எல்லாம் மாறிவிட்டன என்று சொல்ல வாய்வரை வந்தது. விருந்தாளி என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு, "செத்த ஆக்களை வைச்சிருக்கிற இடம் ஒண்டு இருக்காம். அங்கை போவம்" என்றாள்.

இவளுடைய தாய், என் மாமி, மன்னாரில் இறந்தபோது இவள் வரவில்லை. "எனக்குப் பிரேதம் பார்க்க ஏலாது" என்று போனில் அழுதாள். வேலையைப் போட்டுவிட்டு இங்கிருந்து போனவள் நான். இப்போது டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போகிறாளாம்.

பழைய மடமொன்றின் நிலவறையில் உலர்ந்த பிரேதங்கள் கோட்டும் சட்டையுமாகச் சுவரோடு வரிசையாக நின்றன. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மச்சாள் போனைத் தூக்கினாள். படமெடுக்கக் கூடாதென்று வாசலிலேயே எழுதியிருந்தது. ஓடிவந்த காவலாளி அவளை விட்டுவிட்டு என்னை ஏசினான். என்னை அவள் கூட்டிவந்த வேலைக்காரி என்று நினைத்தானாக்கும். கறுப்புக் கண்ணாடியும் பெரிய தொப்பியும் போட்டவளை ஏச அவனுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் பட்டுச் சட்டை போட்ட ஒரு கிழவியின் பிரேதத்துக்கு முன்னால் கனநேரம் நின்றாள். டாக்ஸியில் ஏறியதும் கேட்டாள்.

"அம்மாவுக்கு என்ன சீலை உடுத்தினவை?"

"நீலம்."

"கரை போட்டதோ?"

"ஓம். நீ அனுப்பினதுதான்."

கண்ணாடியைக் கழற்றாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் துறைமுக வாசலில் இறங்கியதும் பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மைகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டாள். விலை குறைக்க என்னைக் கதைக்கச் சொன்னாள்.

"பலேர்மோ முழுக்கப் பாத்தாச்சு. பெரிசா ஒண்டுமில்லை என்ன?" என்று சொல்லிக்கொண்டு கப்பலுக்குப் போனாள்.

இந்த ஊரில் நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. நான் சிஞ்ஞோராவின் வீட்டுக்கு பஸ் பிடித்தேன்.