மணலில் எழுதிய விரல்

ஐம்பதுகளின் கடைசியில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேலம் டவுனில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண் நான். வாய் கொஞ்சம் நீளம். தைரியம் அவ்வளவு நீளமில்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தரையில் மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பது வழக்கம். சேரிப் பிள்ளைகளின் விரலை மட்டும் யாரும் பிடிப்பதில்லை. எனக்கு முன்பிருந்த வாத்தியார் தள்ளி நின்று பிரம்பு நுனியால் எழுத்தைக் கீறிக் காட்டுவாராம். அதன்மேல் அவர்களே விரலை ஓட்டிக்கொள்ள வேண்டும். பிரம்புக்குத் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது.

நான் எல்லா விரலையும் பிடித்தேன். ஒருநாள் சேரியிலிருந்து வந்த சிறுமிக்கு எழுத வைத்துக்கொண்டிருந்தபோது, ஊர்ப் பண்ணைக்காரர் தம் மகனைச் சேர்க்க வந்து நின்றார். அவள் அப்பா அவரிடம்தான் பண்ணையாள்.

"கையைக் கழுவிப்போட்டு எம்பையனைத் தொடுங்க டீச்சரம்மா" என்றார்.

"வெறும் மணலுங்க, தட்டினாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பையனின் விரலைப் பிடித்தேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. என்னை மாற்றினால் வேறு ஊர் கிடைக்கும். அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டால் அவளுக்கு வேறு பள்ளி ஏது? மாலையில் ஜெபமாலை கையில் உருண்டதே தவிர, மனம் அதில் நிற்கவில்லை.

மறுநாள் பண்ணைக்காரர் மகன் வந்துவிட்டான். அவளைக் காணோம். பாடம் நடத்திக்கொண்டே வாசலைப் பார்த்தேன். யார் நிழல் விழுந்தாலும் அவள் அப்பாதான் அவளை நிறுத்திவிட்டதாகச் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகு தனியாக வந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையும் விரல்களும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"பண்ணைக்காரரு அப்பனைக் கூப்பிட்டு வஞ்சாருங்க. ஆத்தா சாம்பலும் ஓட்டாஞ்சில்லும் போட்டுத் தேச்சு உட்டுச்சுங்க. இப்பத் தொடலாமுங்களா டீச்சர்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஊரையே ஏசியிருப்பேன். அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து விரலைப் பிடித்தேன். மணல் பட்டதும் அவள் முகம் சுருங்கியது. தோல் உரிந்திருந்தது.

"மணல் வேண்டாம் சாமி. புண் ஆறுகிற வரைக்கும் சும்மா பார்த்துக்கிட்டிரு" என்றேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. மற்ற பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள்.

"அல்லாரும் மணல்லதானுங்க எழுதறாங்க. நானும் எழுதறனுங்க."