குளிக்கப் போனவர்

கல்லூரி முடித்ததும் நன்னடத்தை அலுவலருக்கு உதவும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் கடற்கரையிலேயே நடப்பது பெருமையாக இருந்தது.

அன்று பார்க்கப் போனவர், படகுத் தகராறு ஒன்றில் கைநீட்டிவிட்டவர். வீட்டில் அவர் மனைவி மட்டும் மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"அவிய குளிக்கப் போயிருக்காவ, சார்."

அலுவலர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். முகம் இறுகியது. என்னிடம் தாழ்ந்த குரலில், "போன மாசமும் இதேதாங்க சொன்னாங்க. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? ஒளிஞ்சுக்கிறாரு. கோர்ட்டுக்கு எழுதிடப் போறேன்" என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

எழுதினால் பிணை ரத்தாகும். அவர் சிறைக்குப் போவார்.

எனக்கு வகுப்பறை ஒன்று கண்ணில் மிதந்தது. அப்பா என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்க, எழுந்து நின்று "குளிக்காவ டீச்சர்" என்கிறேன். டவுன் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லுக்குள் எனக்கு இருந்ததெல்லாம் பச்சை வெளிச்சம், மேலே ஏறும் குமிழிகள், மணலில் சங்கு தேடும் அப்பாவின் கை. வாளித் தண்ணீரில் செய்வதை நாங்கள் 'மேல் கழுவுவது' என்போம்.

"சார், எங்கப்பாவும் குளிக்கத்தான் போவாங்க. கடலுக்குள்ள. சங்கு எடுக்க."

அந்த அக்கா தலை நிமிர்ந்தார். "ஏளா, சார் என்னன்னு நினைச்சாவ? இங்கன குடிக்கவே தண்ணியக் காணோம். இதுல மணிக்கணக்கா மேல் கழுவுதாவளாக்கும்?"

கரைக்குப் போய்க் காத்திருந்தோம். வானமும் கடலும் ஒரே வெண்மையாகக் கலந்து, தூரத்து வள்ளங்கள் காற்றில் தொங்குவதுபோல் தெரிந்தன. அவற்றில் ஒன்று மெல்லப் பெரிதாகிக் கரையைத் தொட்டது. கண்கள் சிவந்து, வலைப்பையில் சங்குகளோடு இறங்கியவர், அலுவலரைக் கண்டதும் பையை மணலில் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

அலுவலர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நல்லா குளிச்சீங்களா?"

"எங்க சார், ஒரே கலங்கல். தடவித் தடவித்தான் எடுத்தேன்."

அலுவலர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "அடுத்த மாசம் எப்ப வந்தா கரையில இருப்பீங்க?"

"கச்சான் அடிச்சா நாள் பூரா வீட்டுலதான் சார்."

அலுவலர் புரியாமல் என் பக்கம் திரும்பினார். கடலில் இறங்கவிடாத கச்சானில் ஆரம்பித்து, காற்றுகளின் பெயர்களை நான் சொல்லத் தொடங்கினேன்.